காற்றுக்கு முதுகு காட்டும் வாசல்

கார்வின் அருகே, நெவாடா
பிப்ரவரி 9

அன்புள்ள ஆர்லோ அண்ணா,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். இது உன் கைக்கு வருவது பகலில்தான் என்றாலும், கையெழுத்து கோணுவதைப் பார்த்தாலே எந்நேரத்தில் எழுதினேன் என்று கண்டுபிடித்துவிடுவாய். ஜூனி தூங்கினால்தான் என் கைக்குப் பேனா வரும். இன்று அவள் தூங்க நடுநிசி தாண்டிவிட்டது. நானும் கோல்பியும் ஜூனியும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கனமான போர்வை கேட்டிருந்தாயே, கொடுத்தார்களா? இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கப்போகும் சிறை அதிகாரிக்கும் என் வணக்கத்தைச் சொல்.

முகவரியைப் பார்த்து விழிக்காதே. ரீனோ வீடு போய்விட்டது. வீட்டுக்காரர் விற்றுவிட்டார், புதிதாக வாங்கியவர் கேட்ட வாடகை எங்களுக்கு எட்டவில்லை. கோல்பிக்கு இங்கே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிற வேலை கிடைத்தது. தொழிலாளர்களுக்கு விடுதி இருக்கிறது, ஆனால் ஆண்களுக்கு மட்டும். ஊரில் வாடகைக்கு ஒரு கோழிக்கூடுகூட மிச்சமில்லை. சக்கரம் வைத்த ஒரு பழைய டிரெய்லர் வீடு வாங்கும்வரை என்று சொல்லி, சுரங்கத்துக்குப் போகும் மண் சாலை ஓரத்தில், உப்புத் தரை ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கிவிட்டோம். டோம் கூடாரம். கவிழ்த்து வைத்த கிண்ணம் போல இருக்கிறது. பச்சை நிறம். ஜூனிக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு வயதுக்காரிக்கு எதுதான் பிடிக்காது?

உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்? உன்னை ஜெயிலுக்கு அனுப்பிய அந்த லாரி விபத்துக்கு முன்னால் இந்த உப்புத் தரையில்தானே பத்து வருடம் திருவிழாக்காரர்களுக்குக் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தாய். கேள்வி ஒன்றே ஒன்றுதான். இது நிற்குமா? மார்ச் பிறந்தால் காற்று வேறு மாதிரி வரும் என்கிறார்கள். நேற்று வந்த சின்னக் காற்றுக்கே சுவர் உள்ளே வந்து என் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனது. கோல்பிக்கு இரவு வேலை. எங்கள் டிரக்கும் அவனோடு போய்விடும். நானும் ஜூனியும் மட்டும் இருக்கும்போது ஒவ்வொரு முளையாக மனதுக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன்.

இன்னொரு பயமும் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் லூப் என்றொரு அம்மாள் டிரெய்லரில் இருக்கிறாள். சுரங்கத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறாள். முதல் நாளே வந்து இடுப்பில் கைவைத்து நின்று எங்கள் மாளிகையைச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா புள்ளைய வெச்சுக்கிட்டு இதுக்குள்ள இருக்கீங்கன்னு கவுன்டி சர்க்கார் ஆபீஸுக்குத் தெரியாம பாத்துக்க. போன வருசம் அந்தப் பக்கம் ஒரு குடும்பம். வந்தாங்க, புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

கூடாரம் நின்றால் ஜூனி என்னோடு இருப்பாள். எனக்கு இப்போது வேண்டியது அவ்வளவுதான். உனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கை,
ரோவெனா


பிப்ரவரி 24

அன்புள்ள ரோ,

நான் நலம். முதுகு முதுகாக இருக்கிறது. போர்வை வந்தது, கனம் இல்லை, நாற்றம் உண்டு. உன் வணக்கத்தை அதிகாரிக்குச் சொன்னேன். "உங்க தங்கச்சி நல்லா எழுதுறாங்க. காலேஜா?" என்று கேட்டார். ஆமாம், எங்கள் வீட்டில் ஒன்று காலேஜ், ஒன்று ஜெயில் என்றேன். சிரித்துவிட்டார்.

சரி, கூடாரத்துக்கு வருவோம். நிற்கும். டோமைப் போலக் காற்றுக்கு ஏற்றது கிடையாது. எந்தப் பக்கம் அடித்தாலும் வழுக்கிக்கொண்டு போகும். சுவர் வந்து கன்னத்தில் அறைகிறது என்றால், கூடவே வந்த கயிறுகளை நீங்கள் பைக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அடியில் மட்டும் முளை அடித்துவிட்டு முடிந்தது என்று படுத்துவிடுவார்கள். நடு உயரத்தில் தைத்திருக்கிற வளையங்களில் கயிறு கட்டி நாலா பக்கமும் இழுத்தால்தான் கம்பி வளையாது. உங்களுடையது கண்ணாடியிழைக் கம்பியாக இருக்கும், விலை குறைந்தது. அது வளைந்து வளைந்து ஒருநாள் சிம்பு சிம்பாகக் கிழியும். கயிறு இருந்தால் கிழியாது.

கூடாரத்தோடு வந்த முளைகளைத் தூக்கி எறி. அவை புல்வெளிக்கு. கோல்பியிடம் சொல்லிக் கட்டடம் கட்டுகிற முறுக்குக் கம்பி, முழங்கையைவிட நீளமானது, வாங்கச் சொல். மேல் நுனியைக் கொக்கியாக வளைத்து, கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, தலை தரையோடு தரையாகும் வரை அடி. கொக்கி கொஞ்சம் துருத்தினாலும் ஜூனி தடுக்கி விழுவாள், ஒரு பழைய பந்தைக் கீறி அதன் மேல் மாட்டிவிடு. தரை பொடியாக இருக்கிற இடத்தில் கம்பி நிற்காது. ஒரு சாக்கில் மணல் நிரப்பிக் கயிற்றைச் சுற்றிக் குழி தோண்டிப் புதை.

வாசல் எப்போதும் காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். அங்கே தென்மேற்குக் காற்று என்றால் வாசல் வடகிழக்கில். வாசலுக்குள் காற்று புகுந்துவிட்டால் அது கூடாரம் இல்லை, பலூன்.

ஆளில்லாத கூடாரம்தான் முதலில் பறக்கும். எத்தனை துரத்தியிருக்கிறேன்! கடைக்குப் போனால்கூட உள்ளே தண்ணீர்க் குடங்களை வைத்துவிட்டுப் போ. பெருங்காற்று அடிக்கும்போது வெளியே ஓடாதீர்கள். உள்ளே ஆள் இருந்தால் அது எங்கேயும் போகாது.

ஜூனிக்கு மாமா முத்தம். அவள் இப்போது என்னென்ன பேசுகிறாள்? ஒன்றும் விடாமல் எழுது.

உன் அண்ணன்,
ஆர்லோ


மார்ச் 8

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். உன் முதுகுக்குச் சுடுதண்ணீர்ப் பை கொடுக்க மாட்டார்களா? கேட்டுப் பார்.

கோல்பி சுரங்கத்தில் மிச்சம் கிடந்த முறுக்குக் கம்பிகளைக் கேட்டு வாங்கி வந்தான். வளைக்கிறேன் பேர்வழி என்று டிரக் பம்பரை நெளித்துவிட்டான். நான் பிடிக்க, அவன் அடிக்க, ஜூனி சுத்தியலுக்கு அழ, அந்த ஞாயிறு முழுக்க அமர்க்களம். லூப் மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடா கோல்பி, கூடாரத்துக்கு இவ்வளவு இரும்பா? காத்துக்கா பயம், இல்ல உன் பொண்டாட்டி ஓடிருவான்னா?"

"அவ ஓடமாட்டா. அவ அண்ணன் சொல்லிட்டான்ல, ஜெயில்ல இருந்தே மேஸ்திரி வேலை பாக்குறான்."

"டிரக்கக் காத்துக்குக் குறுக்க நிறுத்துனாப் போதும். நான் இருபது வருசமா இங்க இருக்கேன்."

"ராத்திரி டிரக் என்கூடல்ல இருக்கும்! காத்துக்கிட்ட பகல்ல வாடான்னு சொல்லவா?"

அவள் கெக்கெக்கென்று சிரித்துத் தன் நாய்களுக்கெல்லாம் அதைத் திரும்பச் சொன்னாள்.

போன வியாழன் முதல் பெருங்காற்று வந்தது. உப்புத் தரை முழுக்க எழுந்து நின்று நடந்து வருவது மாதிரி இருந்தது. டோம் அப்படியே குனிந்து என் நெற்றியைத் தொட்டது. அடுத்த நொடி விசுக்கென்று நிமிர்ந்தது. கயிறுகள் பாடின. ஒரு கம்பிகூட அசையவில்லை. ஜூனி பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ கைதட்டி, "வீடு குனியுது, மறுபடி, மறுபடி!" என்கிறாள். நான் ரீனோவில் நான்கு வருடம் நிலவியல் படித்தேன். இந்த ஏரி வற்றி உப்பானது எப்படி என்று பத்துப் பக்கம் எழுதுவேன். அதன் மேல் ஒரு துணியை நிற்க வைக்க உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்று. விடியும்போது காற்று திரும்பிவிட்டது. தென்மேற்கில் அடித்தது நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வடக்கிலிருந்து சில்லென்று வந்தது, நேராக வாசல் பக்கம். அந்தப் பக்கத்துக்கு இரும்பு போதவில்லை. பழைய சின்ன முளைகள்தான் நிற்கின்றன. அன்று சீக்கிரம் அடங்கிவிட்டது. இன்னொரு முறை பலமாகத் திரும்பினால் என்ன செய்வது? நான் வெளியே போய் அந்தப் பக்கத்தை இழுத்துக் கட்டுவதா, உள்ளேயே இருப்பதா? கழற்றிப் போடுவதென்றால், தனி ஆளாக எப்படி? இதற்கு மட்டும் உடனே எழுது.

ஜூனி இப்போது மணலை "மாவு" என்கிறாள். லூப்பின் நாய்கள் மூன்றுக்கும் ஒரே பெயர்: "வாடா". கோல்பியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், என்னைப் பார்த்து. அவனுக்கு அதில் பெருமை வேறு.

உடம்பைக் கவனி.

ரோ


மார்ச் 28

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? இருபது நாளாகப் பதில் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் தபால் ஆபீஸில் எட்டிப் பார்க்கிறேன். கவுன்டரில் இருப்பவர் இப்போது நான் வாய் திறக்கும் முன்பே தலையாட்டிவிடுகிறார். உனக்கு உடம்பு சரியில்லையா? வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களா?

நாங்கள் நலம். ஜூனிக்குச் சளி பிடித்துவிட்டது. வடக்குப் பக்கத்துக்கு இரும்பு கொண்டுவா என்று கோல்பியிடம் தினமும் சொல்கிறேன். "நாளைக்கு, ரோ, நாளைக்கு" என்கிறான். பன்னிரண்டு மணி நேரம் லாரி ஓட்டிவிட்டு வருகிறவனை எவ்வளவு நச்சரிப்பது? பூட்ஸைக் கழற்றும்போதே பாதி தூங்கிவிடுகிறான்.

இந்த வாரக் கடைசியில் பெரிய காற்று என்று லூப்பின் ரேடியோ சொல்கிறது. உன் புதுக் கடிதம் வராததால் பழையதையே எடுத்துப் படிக்கிறேன். உள்ளே ஆள் இருந்தால் அது எங்கேயும் போகாது. அந்த வரி எனக்குத் தூக்க மாத்திரை.

எழுது அண்ணா. ஒரு வரியாவது.

ரோ


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கூடாரம் இப்போது இல்லை. கம்பிகளில் இரண்டு உடைந்துவிட்டன. துணி ஒரு பக்கம் நீளமாகக் கிழிந்துவிட்டது. தெற்குப் பக்கம் நீ சொன்னபடி அடித்த இரும்பு எல்லாம் அடித்த இடத்தில் அப்படியே இருக்கிறது. பிடுங்க லூப்பின் லாரிச் சங்கிலி வேண்டியிருந்தது. உனக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் லூப்பின் டிரெய்லரில் தங்கியிருக்கிறேன். நல்லவள். முட்டையும் பீன்ஸும் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறாள்; நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எழுந்திருப்பதில்லை. வானம் இரண்டு நாளாக நன்றாக இருக்கிறது. காற்றே இல்லை.

உன் கடிதம் இன்னும் வரவில்லை. பரவாயில்லை. இனி அவசரம் இல்லை.

ரோவெனா


ஏப்ரல் 11

அன்புள்ள ரோ,

நான் நலம், கோபத்தில் இருக்கிறேன், அவ்வளவுதான். நான் உனக்குப் பதில் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். எழுதினேன், தங்கச்சி. உன் மார்ச் எட்டாம் தேதிக் கடிதம் வந்த அன்றே எழுதினேன். தனி ஆளாகக் கூடாரத்தை எப்படிப் படுக்க வைப்பது என்று வார்த்தையில் சொல்வதைவிடப் படமாகச் சொன்னால் சுலபம் என்று, ஒரு பக்கம் முழுக்க வரைந்தேன். கயிறு எங்கே, கொக்கி எங்கே, எந்த முனையை முதலில் விடுவிப்பது, அம்புக்குறி எல்லாம் போட்டு. இன்றைக்கு அது என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. "கயிறும் கொக்கியும் கொண்ட வரைபடம். அனுப்ப அனுமதி இல்லை" என்று முத்திரை. கூடாரம் போட்டுக்கொண்டு மதில் தாண்டிவிடுவேன் என்று பயந்திருக்கிறார்கள்.

அதிகாரியிடம் கேட்டேன். "இது என் கைக்கு வரலப்பா, மேல போயிருச்சு. படம் போட்டா மேல போயிரும். எழுத்துல எழுதியிருக்கலாம்ல?" என்கிறார். எழுதியிருக்கலாம்தான்.

எழுத்தில் எழுதுகிறேன். கவனமாகப் படி.

காற்று நின்று அமைதியானால் அதை நம்பாதே. திரும்பப் போகிறது என்று அர்த்தம். அந்த அமைதியிலேயே ஜூனியைத் தூக்கிக்கொள். தூக்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். வந்ததும் வாசல் ஜிப்பை இழுத்து மூடு. நாலு மூலையிலும் கம்பியின் முனை ஒரு துளைக்குள் சொருகியிருக்கும். ஒவ்வொன்றாக உருவிவிடு. டோம் தானாகவே உட்கார்ந்துவிடும். மேலே கல்லைத் தூக்கிப் போடு. பிறகு திரும்பிப் பார்க்காமல் லூப் வீட்டுக்குப் போ. நேரமில்லையென்றால் இதில் எதுவும் வேண்டாம். ஜூனியோடு ஓடு. துணி போனால் துணி.

முக்கியமானது இது. ஜூனியை ஒரு நிமிடம்கூட உள்ளே விட்டுவிட்டு நீ வெளியே வராதே. உள்ளே ஆள் இருந்தால் போகாது என்று முன்பு எழுதினேனே, அது என்னைப் போன்ற தடியனை நினைத்து எழுதியது. அங்கே கூடாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற எடை நீதான். இதைப் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்.

கிடைத்ததும் எழுது. ஜூனியின் சளி போய்விட்டதா?

ஆர்லோ


ஏப்ரல் 19

ரோ,

உன் எட்டாம் தேதிக் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். இரும்பைப் பற்றி இருக்கிறது, கம்பியைப் பற்றி, முட்டையைப் பற்றி, வானத்தைப் பற்றி இருக்கிறது. ஜூனி பெயர் இல்லை.

ஜூனி இல்லாமல் நீ எனக்கு ஒரு கடிதம் எழுதியதே கிடையாது. பிறப்பதற்கு முன்பே அவளைப் பற்றித்தான் எழுதினாய். கோல்பி பெயரும் இல்லை. அவசரம் இல்லை என்றால் என்ன?

ஜூனி எங்கே, ரோ?

ஆர்லோ


ஏப்ரல் 30

ஆர்லோ தம்பிக்கு,

நான் லூப். உன் தங்கச்சி பக்கத்துல இருக்கிறவ. எனக்குக் கடுதாசி எழுத வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். நீ நல்லா இருக்கியா? இருக்கணும்.

உன் கடுதாசி ரெண்டும் வந்துச்சு. முதல்ல வந்ததப் படிச்சிட்டு அவ அப்படியே மடிச்சு வெச்சுட்டா. ரெண்டாவது, ஒரே பக்கம், அத என்கிட்ட குடுத்து, "என்னால முடியல லூப், நீ எழுது"ன்னா. அதான் எழுதுறேன்.

முதல்லயே சொல்லிர்றேன், புள்ள உசிரோட இருக்கா.

அந்தச் சனிக்கிழம சாயங்காலம் காத்து. பொழுது போற வரைக்கும் தென்மேற்கு, கூடாரம் கல்லு மாதிரி நின்னுச்சு, நானே பாத்தேன். அப்புறம் நின்னுச்சு. அப்புறம் வடக்க இருந்து வந்துச்சு பாரு, என் டிரெய்லரே ஆடிருச்சு. கோல்பி வேலையில. வாசப் பக்கம் முளை ரெண்டு பிடுங்கிருச்சு. இவ புள்ளைய மெத்தைப் பையில நல்லாச் சுத்திப் படுக்க வெச்சிட்டு, முளைய அடிக்கலாம்னு சுத்தியலோட வெளிய வந்திருக்கா. ஜிப்புல மணல் ஏறி மூட மாட்டேன்னுருச்சு. அது வழியாக் காத்து உள்ள போச்சு. இவ கண்ணு முன்னாடியே அது உப்பி, மிச்ச முளையெல்லாம் தெறிச்சு, தெக்குப் பக்கக் கயிறும் துணியக் கிழிச்சுக்கிட்டு வந்துருச்சு. உருண்டு போச்சு தம்பி. பச்சைப் பந்து மாதிரி. அவ பின்னால ஓடி ஓடிக் கத்துனது எனக்குக் கேக்கல. நாயிங்களுக்குத்தான் கேட்டுச்சு.

ஓடைப் பள்ளத்துல போய்ச் சிக்குன பிறகுதான் பிடிச்சோம். தோள் எலும்பும் ஒரு கால் எலும்பும் உடைஞ்சிருச்சு. தலையில அடி. ஹெலிகாப்டர் வந்து ரீனோவுக்குக் கொண்டு போச்சு. இப்ப முழிச்சுப் பாக்கிறா, பேசுறா, கொஞ்சம் திக்குதாம், சரியாயிரும்னு டாக்டர் சொல்றாரு. ஆனா ஆஸ்பத்திரியில எங்க இருக்கீங்கன்னு கேட்டாங்க. உன் தங்கச்சிக்குப் பொய் சொல்ல வரல. கவுன்டிக்காரங்க வந்தாங்க. ஆஸ்பத்திரியில இருந்து நேரா ஒரு வளர்ப்பு வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. எந்த வீடுன்னு இவளுக்குச் சொல்ல மாட்டாங்களாம்.

கோல்பி ஒரே கேள்விதான் கேட்டான். "புள்ளைய ஏன் உள்ள விட்ட?" கவுன்டிக்காரியும் அதத்தான் கேட்டா, "உள்ள விட்டாப் பத்திரம்னு யாரு சொன்னது?"ன்னு. "யாரும் சொல்லல"ன்னுட்டா இவ. கோல்பி இப்ப ஆம்பளைங்க விடுதிக்குப் போயிட்டான். வாரத்துக்கு ஒருக்கா வந்து வாசல்லயே நின்னு பணத்தக் குடுத்துட்டுப் போறான். கெட்டவன் இல்ல. வடக்குப் பக்கத்துக்குன்னு கேட்ட இரும்பு அவன் டிரக்குல கிடந்துச்சு. அன்னிக்குத்தான் எடுத்து வெச்சிருந்தானாம்.

அவளுக்கு ஏதாச்சும் எழுது. என்ன எழுதணும்னு எனக்குத் தெரியல.

லூப்


மே 9

ரோ,

லூப்பின் கடிதம் கிடைத்தது.

யாரும் சொல்லவில்லை என்று நீ ஏன் சொன்னாய்? நான் சொன்னேன். என் கையெழுத்தில் இருக்கிறது. நீ வாசித்துவிட்டுத்தானே படுப்பாய். அந்த வரியை எழுதும்போது எனக்கு என்ன நினைப்பு என்றால், புயலில் கூடாரத்துக்குள் நானும் இன்னும் நாலு பேரும் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டு சீட்டாடியதுதான். உன்னையும் ஒரு குழந்தையையும் நினைத்து எழுதவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

ஜூனியின் வழக்கு எந்த நீதிபதியிடம் என்று எழுது. எல்லாவற்றையும் அவருக்கு எழுதப்போகிறேன். குழந்தையின் அம்மா செய்தது தவறல்ல, மாமன் சொன்னதைத்தான் செய்தாள் என்று. திரும்பி வந்த அந்தப் படத்தையும் முத்திரையோடு சேர்த்து அனுப்புகிறேன். ஜூனியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறேன்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஆர்லோ


ரீனோ
ஜூன் 15

அன்புள்ள அண்ணா,

நலமா? உன் முதுகு? ஒரு மாதமாக நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காத்திருந்தோமோ என்னவோ.

நான் ரீனோவுக்கு வந்துவிட்டேன். ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறேன். பெண்கள் இல்லத்தில் ஒரு கட்டில். ஜூனி திரும்பி வர வேண்டுமென்றால் கெட்டியான சுவரும் பூட்டுகிற கதவும் அவளுக்கென்று தனிப் படுக்கையும் வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு நாளில் பதினான்கு அறைக் கதவுகளை நான் திறந்து பூட்டுகிறேன். கோல்பியும் பணம் சேர்க்கிறான். நாங்கள் ஒரே வீட்டில் இருப்போமா என்று இன்னும் பேசவில்லை. செப்டம்பரில் மறுபடி விசாரணை. அதற்குள் வீடு இல்லையென்றால் அவர்கள் வேறு மாதிரி யோசிப்பார்கள் என்று வக்கீல் அம்மாள் சொன்னார். வேறு மாதிரி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

உன் கடிதத்தை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்க அண்ணன் நல்ல மனசுல எழுதுறாரு. ஆனா இது போச்சுன்னா, சிறையில இருக்கிற ஒருத்தர் பேச்சக் கேட்டுத்தான் குழந்தைய வளர்க்கிறாங்கன்னு எதிர்த்தரப்பு சொல்லும். அவர் வெளிய வந்தா எங்க தங்குவாருன்னு கேக்கும். இப்ப இருக்கிற சிக்கலே உங்களுக்குப் போதும்" என்றார். அதனால்தான் யாரும் சொல்லவில்லை என்று சொன்னேன் என்று நினைக்காதே. அப்போது எனக்கு அந்தப் புத்தியெல்லாம் இல்லை. அது என்னுடையது, வேறு யாருக்கும் கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

நீ ஆள் என்று எழுதினாய். நான் ஜூனியையும் ஆள் என்று எண்ணிக்கொண்டேன். அந்த அவசரத்திலும் யோசித்துத்தான் விட்டுவிட்டு வந்தேன், அண்ணா. அவள் உள்ளே இருக்கிறாள், அது போகாது என்று நிச்சயமாக நம்பினேன். தூக்கிச் சுமந்த கைக்கு அவள் எப்போதும் கனமாகத்தானே இருந்தாள்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவளைப் பார்க்க விடுகிறார்கள். அலுவலகத்தில் ஒரு அறை, பொம்மைகள், மூலையில் குறிப்பெழுத ஒரு அம்மாள். கால் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. லேசாக இழுத்து நடக்கிறாள். "அ-அம்மா" என்று முதல் எழுத்தில் தடுக்கி, பிறகு வேகமாகச் சொல்கிறாள். போன வாரம் நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். ஏசி திடீரென்று ஓட ஆரம்பித்தது. மேலேயிருந்து காற்று, அவ்வளவுதான், தலைமுடி லேசாகப் பறந்தது. ஜூனி கையிலிருந்த பொம்மையை வைத்துவிட்டுக் கம்பளத்தில் குப்புறப் படுத்தாள். கையையும் காலையும் எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக விரித்தாள். கன்னத்தைத் தரையில் அழுத்திக்கொண்டாள்.

"என்னடா கண்ணு?" என்றேன்.

"க-கனமா இருக்கேன்" என்றாள்.

அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. நானும் பக்கத்தில் படுத்து அவள் முதுகின் மேல் கையை வைத்தேன். மூலையிலிருந்த அம்மாள், "எந்திரிங்க, அவளே எந்திரிப்பா" என்றார். ஏதோ குறித்துக்கொண்டார். நான் எழுந்திருக்கவில்லை. ஏசி நிற்கும் வரை அப்படியே இருந்தோம். அது எனக்குச் சாதகமா பாதகமா என்று வக்கீலுக்கும் தெரியவில்லை.

நீதிபதிக்கு எழுதிவிட்டாயா என்று எனக்குத் தெரியாது. எழுதியிருந்தால் சொல், வக்கீலிடம் சொல்லிவிடலாம். எழுதவில்லையென்றால் எழுத வேண்டாம். எனக்கு எழுது. கூடாரம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். என்ன சாப்பிட்டாய் என்று எழுது, யாரோடு சண்டை போட்டாய் என்று எழுது. இங்கே என் பெயருக்கு யாரிடமிருந்தும் கடிதம் வருவதில்லை. உறையில் இருக்கும் முகவரிக்கே போடலாம்.

சீக்கிரம் பதில் போடு.

ரோ